படத்துக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது?

காவாந்தண்டலம் ஏரிக்குக் கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. நடுப்பகல் நேரம். பெண்கள் கரையேறி, வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். சங்கச் சந்தாப் புத்தகத்தோடு நான் அங்கே போய் நின்றேன். ஒரு பெண்ணின் செல்போனில் பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பாட்டு பட்டென்று நின்றது. திரையில் ஒரு குழந்தை வந்தது. மூக்கிலே குழாய், தலையிலே மயிர் இல்லை, கண் மட்டும் பெரிதாக நம்மையே பார்க்கிறது. பின்னால் வயலின் இழுக்கிறது. தாய் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்முகிறாள். இன்னும் சில நாள்தான், உங்களை விட்டால் இந்தக் குழந்தைக்கு நாதியில்லை என்று ஒரு குரல் சொல்லிற்று.

வரப்பில் சோறு தின்பது நின்றுவிட்டது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் ஒரு நூறு ரூபாய் நோட்டு இருந்தது. "இத்த எப்படிடி அந்தப் பொண்ணுக்கு அனுப்பறது?" என்று கேட்டாள். செல்போன்காரப் பெண் நோட்டை வாங்கிக்கொண்டு தன் கணக்கிலிருந்து அனுப்பி வைத்தாள். அனுப்பும்போது திரையில் இன்னொரு வரி வந்தது. நூற்றுக்கு மேல் ஒரு பன்னிரண்டு ரூபாய், வசூல் செய்து தருகிற கம்பெனிக்கு "டிப்ஸ்". வேண்டாமென்றால் வேண்டாமென்று நாமே தேடிப் பிடித்து அழிக்க வேண்டும்.

"அது யாருக்குடி?" என்றாள் ஆயா.

வரப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைய நடவுக் கூலியில் மூன்றில் ஒரு பங்கை முகம் தெரியாத ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டவளிடம் சந்தா கேட்க எனக்கும் வாய் வரவில்லை. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆயா ஏமாந்தாள் என்று சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுகிற மேதாவிகள் பலர் உண்டு. குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு, ஏழைகள் விளம்பரத்தைப் பார்த்து இளகிவிடுகிறார்கள் என்று சிரிப்பார்கள். இளகுகிற நெஞ்சு இருப்பதால்தான் இந்த நாட்டில் உழைப்பாளி ஜனங்கள் இன்னும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு பிழைக்கிறார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் பாடை கட்டுகிறவனும் கூலி கேட்பதில்லை. அந்த நெஞ்சைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதை யார், எதற்காக, எந்த முறையில் கறக்கிறார்கள் என்பதே கேள்வி.

இதற்கென்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2007ல் முடிவை வெளியிட்டார்கள். சிலரிடம் ஆளுக்கு ஐந்து ஒரு டாலர் நோட்டுகளைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியாருக்கு மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் காட்டினார்கள். இன்னொரு பகுதியாருக்கு ஆப்பிரிக்காவில் பட்டினி கிடக்கும் லட்சக்கணக்கானவர்களைப் பற்றிய புள்ளி விவரத்தை மட்டும் கொடுத்தார்கள். விருப்பப்பட்டதைத் தர்மம் செய்யுங்கள் என்றார்கள். சிறுமியைப் பார்த்தவர்கள் சராசரியாக 2 டாலர் 38 சென்ட் கொடுத்தார்கள். புள்ளி விவரம் படித்தவர்கள் 1 டாலர் 14 சென்ட். சரி, படத்தையும் கொடுத்துப் புள்ளி விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால்? கூடவேண்டுமல்லவா? குறைந்தது! 1 டாலர் 43 சென்ட்தான் விழுந்தது. அதாவது, ஏன் இந்தப் பட்டினி, எத்தனை பேருக்கு இந்தப் பட்டினி என்று ஒரு வரி சேர்த்தாலே மடியிலிருந்து வருகிற காசு சுருங்கிவிடுகிறது.

விளம்பரம் எழுதுகிறவர்கள் இதைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒரே ஒரு குழந்தை. ஒரே ஒரு தாய். காரணம் பற்றி மூச்சு விடாதே. எண்ணிக்கை சொல்லாதே. நேரம் ஓடுகிறது என்று பதற வை. பார்ப்பவன் யோசிக்கத் தொடங்குமுன் பொத்தானை அமுக்க வை. இதுதான் சூத்திரம்.

வாசகர்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சூத்திரம் எனக்கும் தெரியும். இருபது வருஷமாக உண்டி குலுக்குகிறவன் நான். 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி அடித்தபோது உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் தோழர்களோடு உண்டியேந்தி நின்றேன். முதல் நாள் படகு போனதைச் சொன்னோம், வலை போனதைச் சொன்னோம், மீனவன் மறுபடி கடலுக்குப் போக வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று கணக்குச் சொன்னோம். நாலணா எட்டணா விழுந்தது. மறுநாள் ஒரு இளந்தோழர் நாகப்பட்டினத்துக் கரையில் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் உடலைத் தூக்கி வரும் பத்திரிகைப் படத்தை வெட்டி உண்டியின் மேல் ஒட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு உண்டி இரண்டு முறை நிரம்பிற்று. சந்தோஷப்பட்டோம். ராத்திரி காசு எண்ணும்போது ஒரு மூத்த தோழர் மட்டும், "படத்தை ஒட்டினீங்க சரி, படகைப் பத்தி இன்னிக்குப் பேசினீங்களா?" என்று கேட்டார். பேசவில்லைதான். காசு விழுகிற வேகத்தில் மறந்துபோயிற்று.

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைக் குடைகிறது. அதனால் படம் காட்டுவதே பாவம் என்று நான் வாதிக்கப் போவதில்லை. படத்துக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்கிறேன்.

1919ம் வருஷத்து லண்டன் சம்பவம் ஒன்று. முதல் உலக யுத்தம் முடிந்தும், ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் உணவு போகவிடாமல் பிரிட்டிஷ் சர்க்கார் கடலை மறித்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரியக் குழந்தைகள் பசியால் சுருண்டு கிடந்தார்கள். எக்லன்டைன் ஜெப் என்ற மாது டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்று துண்டுப் பிரசுரம் விநியோகித்தார். பிரசுரத்தில் எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படம். அடியில், இதற்குக் காரணம் நமது முற்றுகையே என்ற பொருளில் ஒரு வரி. விட்டார்களா? கைது செய்தார்கள், கோர்ட்டில் நிறுத்தினார்கள், 5 பவுன் அபராதம் போட்டார்கள். வாதாடிய சர்க்கார் வக்கீலே மனம் நொந்து அந்த 5 பவுனைத் தன் பையிலிருந்து கொடுத்ததாகச் சரித்திரம் சொல்கிறது. அந்த வருஷம் தொடங்கிய குழந்தைகள் பாதுகாப்பு நிதியின் ஆரம்பக் கதை இது.

குழந்தையின் படத்துக்கா அபராதம்? இல்லை. அடியில் இருந்த வரிக்கு!

நம் நாட்டிலும் இதுதான் கதை. 1943ல் வங்கத்தில் 30 லட்சம் பேர் வரை பஞ்சத்தில் செத்தார்கள். சித்தபிரசாத் என்ற ஓவியர் மிதுனப்பூர் ஜில்லாவில் கால்நடையாகச் சுற்றி, கண்டதையெல்லாம் கோட்டோவியமாக வரைந்து, எழுத்தும் சேர்த்து, "பசித்த வங்கம்" என்று ஒரு புத்தகம் போட்டார். சுனில் ஜானா புகைப்படம் எடுத்தார். அந்தப் படங்கள் கட்சிப் பத்திரிகையில் வந்தன. அவற்றைக் காட்டி நாடெங்கும் நிவாரண நிதி வசூலித்தார்கள். மக்கள் நாடக மன்றத்தார் ஊர் ஊராகப் பாடி ஆடி மடியேந்தினார்கள். ஆக, பசித்தவன் படத்தைக் காட்டிக் காசு கேட்டது நாமும்தான். ஆனால் அந்தப் படங்களின் பக்கத்தில் அரிசியைப் பதுக்கியவனைப் பற்றி இருந்தது. ரேஷன் கொடு என்ற கோரிக்கை இருந்தது. சித்தபிரசாத்தின் புத்தகத்தில் 5,000 பிரதிகளை வெள்ளைக்கார சர்க்கார் கைப்பற்றிக் கொளுத்தியது. கண்ணீர் மட்டும் வரவழைக்கிற புத்தகமாக இருந்தால் கவர்னர் மாளிகையில் வாங்கிப் படித்து, தேநீர் விருந்து வைத்து, நிதியும் கொடுத்திருப்பார்கள்.

இதற்கு மாறான உதாரணம் இன்னும் பழையது. 1876 முதல் 1878 வரை நமது சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சம். ஹூப்பர் என்ற பட்டாளத்து அதிகாரி எலும்புக் கூடாகிப்போன மனிதர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். லண்டனில் பெரிய நிதி வசூல் நடந்தது. கொடுத்தவர்களில் இரக்கமுள்ளவர்கள் ஏராளம்; சந்தேகமில்லை. ஆனால் அதே சமயத்தில் இந்தியாவிலிருந்து கோதுமைக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டேயிருந்தன. பஞ்ச வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுக் குறைத்ததும் 1877ல்தான். படத்தைப் பார்த்து அழுத லண்டன்வாசிக்கு அவன் தின்கிற ரொட்டி எங்கிருந்து வந்தது என்று யாரும் படத்துக்கு அடியில் எழுதிக் காட்டவில்லை.

பழைய கதையை விடுங்கள், செல்போன் திரைக்கே வருவோம்.

நம் நாட்டில் இப்படி வசூல் செய்து தருகிற கம்பெனிகள் சுமார் பதினைந்து வருஷங்களாக முளைத்தவை. மிலாப் 2010ல் வந்தது, கெட்டோ 2012ல், இம்பாக்ட்குரு 2014ல். இவற்றால் பிழைத்த உயிர்கள் உண்டு; அதை மறைத்து எழுதினால் இந்தப் பேனாவுக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் இவர்களுடைய விளம்பரம் எதிலாவது, இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு விலை வைத்தவன் யார், அதில் அசல் எவ்வளவு, லாபம் எவ்வளவு, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இது ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? நான் தேடித் தேடிப் பார்த்தேன். குழந்தையின் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, தாயின் அழுகை இருக்கிறது, வேண்டிய தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது. விலை என்பது மழை வெயில் போல வானத்திலிருந்து இறங்கியதாகவே காட்டப்படுகிறது.

வானத்திலிருந்து இறங்கிற்றா? ஒரு மருந்தின் கதையைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

குழந்தைகளின் தண்டுவட நரம்பு செத்துத் தசையெல்லாம் சுருங்கிப்போகும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. எஸ்.எம்.ஏ. என்கிறார்கள். கடுமையான வகையானால் இரண்டு வயதைத் தாண்டுவதே அபூர்வம். இதற்கு ஒரே ஒரு முறை போடுகிற ஊசியாக ஸோல்ஜென்ஸ்மா 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோவார்ட்டிஸ் கம்பெனி வைத்த விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நம் பணத்தில் அப்போது சுமார் 16 கோடி ரூபாய். 2021ல் மும்பையில் ஒரு குழந்தைக்கும், அதே வருஷம் நமது நாமக்கல் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கும் இந்த ஊசி வேண்டியிருந்தது. பெற்றோர்கள் உலகத்தையே கெஞ்சினார்கள். படம் பரவிற்று, லட்சக்கணக்கான ஜனங்கள் நூறும் இருநூறுமாகக் கொடுத்தார்கள், 16 கோடி சேர்ந்தது. சேர்ந்த பிறகுதான் இன்னொரு பூதம் கிளம்பிற்று. இறக்குமதி செய்ய வரி மட்டும் சுமார் 6 கோடி! அதையும் ஜனங்கள் கூச்சல் போட்டபின்தான் மத்திய சர்க்கார் தள்ளுபடி செய்தது. பிச்சையெடுத்த காசுக்கும் வரி கேட்ட சர்க்கார் வரியை விட்டபோது, அதையும் தர்மப் பிரபுவின் கொடை போலப் பத்திரிகைகள் எழுதின.

சரி, அந்த ஊசியை நோவார்ட்டிஸ் தன் சொந்த மூளையால் கண்டுபிடித்ததா? அதுவும் இல்லை. பிரான்சில் 1987 முதல் வருஷா வருஷம் டெலிதான் என்று ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி நடக்கிறது. தசை நோயுள்ள குழந்தைகளைக் காட்டி, விடிய விடிய நிகழ்ச்சி நடத்தி, சாதாரண ஜனங்களிடம் நிதி திரட்டுகிறார்கள். அந்த நிதியில் ஜெனெதான் என்ற ஆய்வுக்கூடம் வளர்ந்தது. இந்தச் சிகிச்சைக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் ஒரு பங்கு அங்கே நடந்தது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் நடந்தது; அங்கேயும் பெற்றோர்கள் திரட்டிய நன்கொடைக்குப் பங்கு உண்டு. உரிமைகளை அவெக்ஸிஸ் என்ற சிறு கம்பெனி சேகரித்தது. 2018ல் நோவார்ட்டிஸ் அந்தக் கம்பெனியை அப்படியே 870 கோடி டாலருக்கு வாங்கிற்று. மறுவருஷம் விலைச் சீட்டைத் தொங்கவிட்டது.

கவனித்தீர்களா? முதலில் நோயாளிக் குழந்தையைக் காட்டி ஜனங்களிடம் வசூல். அந்தக் காசில் ஆராய்ச்சி. ஆராய்ச்சி முதலாளியின் சொத்து. பிறகு அதே நோயுள்ள இன்னொரு குழந்தையைக் காட்டி, அந்தச் சொத்தை விலைக்கு வாங்க ஜனங்களிடம் மறுபடி வசூல். விதை நெல்லும் நாம் கொடுத்து, அறுவடையில் விளைந்ததையும் நாமே விலைக்கு வாங்குகிற குத்தகை. உத்திரமேரூர் வட்டாரத்துப் பழைய மிராசுதாரர்களுக்குக்கூட இந்தத் தந்திரம் தோன்றியதில்லை.

ஆயுள் முழுக்க மருந்து சாப்பிடுகிற செலவோடு ஒப்பிட்டால் ஒரே ஊசி மலிவுதான் என்பது கம்பெனியின் பதில். ஆயுள் முழுக்கச் சாப்பிடுகிற மருந்து எவ்வளவாம்? அதையும் பார்ப்போம். அதே நோய்க்கு வாயால் குடிக்கிற மருந்து ரிஸ்டிப்லாம். ரோஷ் என்ற ஸ்விஸ் கம்பெனி ஒரு பாட்டிலைச் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. நம் நாட்டு நாட்கோ கம்பெனி இதைத் தயாரிக்க முன்வந்தபோது காப்புரிமையைக் காட்டித் தடை கேட்டு ரோஷ் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. நோயாளிகளும் வழக்கில் குரல் கொடுத்தார்கள். தடை கிடைக்கவில்லை. 2025 அக்டோபரில் அப்பீலும் தள்ளுபடியாயிற்று, சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது. நாட்கோ அறிவித்த விலை என்ன தெரியுமா? பாட்டில் 15,900 ரூபாய். ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு! நாட்கோவும் தர்ம சத்திரம் அல்ல, லாபத்துக்கு நடக்கிற முதலாளித்துவக் கம்பெனிதான். அந்த விலையிலும் அதற்கு லாபம் உண்டு. அப்படியானால் மிச்சம் 5 லட்சத்து 84 ஆயிரம் என்ன? எத்தனை தாய்மார்களை அழவைத்து, எத்தனை ஆயாக்களின் முந்தானை முடிச்சை அவிழ்க்கவைத்து, அந்தத் தொகை வசூலாகியிருக்க வேண்டும்? ஆயிரம் கண்ணீர் விளம்பரத்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாத விலை ஒரு வழக்கால் இறங்கிற்று.

சர்க்கார் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2021ல் அபூர்வ நோய்களுக்கென்று மத்திய சர்க்கார் ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. 2022ல் உதவியின் உச்சவரம்பை 50 லட்சமாக உயர்த்திற்று. 50 லட்சம் எங்கே, 16 கோடி எங்கே! மிச்சத்துக்கு வழி? அந்தக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது: ஜனங்களும் கம்பெனிகளும் நன்கொடை கொடுப்பதற்கு ஒரு இணையதளம். அதாவது சர்க்காரே உண்டி வைத்துவிட்டது. உண்டி குலுக்க நாங்கள் இருக்கிறோம். வரி போட, விலையைக் கட்டுப்படுத்த, கட்டாய லைசென்ஸ் கொடுத்து நம் நாட்டுக் கம்பெனியைத் தயாரிக்கச் சொல்ல அதிகாரம் உள்ளவர்களும் உண்டி குலுக்கினால் அந்த அதிகாரத்தை யார் பயன்படுத்துவது? சுகாதாரத்துக்குத் தேசிய உற்பத்தியில் 2.5 சதவிகிதம் 2025க்குள் செலவிடுவோம் என்று 2017ல் கொள்கை எழுதினார்கள். 2021-22ம் வருஷக் கணக்கில் அது 1.84 சதவிகிதம். அதே கணக்குப்படி வைத்தியத்துக்காக நாட்டில் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய் நேராக ஜனங்களின் மடியிலிருந்து போகிறது. வசூல் கம்பெனிகள் முளைத்தது இந்த 39 ரூபாய் என்கிற எருவில்தான்.

விளம்பரக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட தரக் கவுன்சில் ஒன்று 1985 முதல் இருக்கிறது. அது 2023ல் தர்ம விளம்பரங்களுக்கும் விதி வகுத்தது. துன்பப்படுவோரைக் கோரமாகக் காட்டக் கூடாது, காசு கொடுக்காதவர்களை இழிவுபடுத்தக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. நல்ல விஷயம். படத்தின் கோரத்தைப் பற்றித்தான் விதி; விலையின் கோரத்தைப் பற்றி அல்ல. நோர்வே மாணவர்கள் 2012ல் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஆப்பிரிக்கர்கள் பாட்டுப் பாடி, குளிரில் நடுங்கும் பரிதாபத்துக்குரிய நோர்வேக்காரர்களுக்குக் கணப்பு இயந்திரம் நன்கொடை திரட்டுவதாக ஒரு படம்! பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின், நம்மை இப்படி ஒருவன் படமெடுத்து ஊரெல்லாம் காட்டினால் எப்படியிருக்கும் என்று சுருக்கென்று தைக்கும்.

தைத்தது எனக்கு வேறு இடத்தில்.

இந்த வட்டாரத்தில் ஒரு ஊர். ஊர் பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். தகப்பன் செங்கல் சூளையில் வேலை, தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். ஏழு வயதுப் பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பயத்தில் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கைக்காசும், அடகு வைத்த நாலு சவரனும், கந்துவட்டிக் கடனும் இரண்டு மாதத்தில் கரைந்தன. அப்போது ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு வசூல் கம்பெனியின் ஆள் வந்து உட்கார்ந்தார். மிகவும் மரியாதையான பையன்; பட்டதாரி; அவனைக் குறை சொல்லி என்ன பயன், அவனும் சம்பளத்துக்கு மாரடிப்பவன்தான். படமெடுக்க ஏற்பாடு செய்தான். பெண்ணுக்குத் தாய்மாமன் வாங்கிக் கொடுத்த புதுக் கவுனைக் கழற்றிப் பழையதைப் போடச் சொன்னார்கள். தலையில் கட்டியிருந்த துணியை எடுக்கச் சொன்னார்கள். தாயை அழச் சொன்னார்கள்.

அந்தத் தாய் பின்னால் என்னிடம் சொன்னாள்: "அண்ணா, ராத்திரி பூரா அழுதுட்டு, புள்ள பாக்கக் கூடாதுன்னு பகல்ல கண்ணத் தொடச்சிக்கினு நின்னேன். அவ எதிர்லயே அழச் சொல்றாங்க. அம்மா ஏன் அழுவுறன்னு புள்ள கேக்குது. இன்னான்னு சொல்றது?" மூன்று தடவை எடுத்தார்களாம். முதல் இரண்டு தடவை சரியாக அழவில்லையாம்.

காசு வந்தது. வந்ததை ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டினார்கள். எவ்வளவு வந்தது, விளம்பரத்துக்கு எவ்வளவு போயிற்று என்று அந்தக் குடும்பத்தின் கையில் முழுக் கணக்காக ஒரு காகிதம் கிடையாது. இங்கே ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. எங்கள் உத்திரமேரூர்க் கோவில் சுவரில் 919லும் 921லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வெளிநாட்டார்கூட வருகிறார்கள். அதில் ஒரு நிபந்தனை: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் உறவினரும் நிற்கக் கூடாது. உழைக்கும் ஜாதிகளை அந்தக் குடத்தின் அருகே அண்டவிடாத சபை அது; அதற்கு நான் விழா எடுக்கமாட்டேன். ஆனாலும் பொதுக் காசைத் தொட்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற புத்தி அவர்களுக்கே இருந்திருக்கிறது.

வந்த காசும் தீர்ந்தது. பிறகுதான் தோழர்கள் விஷயம் கேள்விப்பட்டுப் பெண்ணைச் சென்னையில் சர்க்கார் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். மாநில சர்க்காரின் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடந்தது. அதே நோய், அதே வகை மருந்து. வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தாள் தாய். வரிசை உண்டு, ஏச்சுப் பேச்சு உண்டு, படுக்கை போதாது, நர்ஸ்கள் போதாது. அதற்காகத்தான் சங்கங்கள் கோஷம் போடுகின்றன. ஆனால் அங்கே ஒருவரும் அவளை அழச் சொல்லவில்லை. முதல் நாளே யாராவது ஒருவர் அவளுக்கு அந்த வழியைச் சொல்லியிருந்தால் நாலு சவரன் மிஞ்சியிருக்கும். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஒரு வாரம் முன்னால் அந்தத் தெருவழியாகத்தான் சைக்கிளில் போனேன், விசாரிக்கவில்லை.

ஆயா மறுபடி நூறு ரூபாய் அனுப்பினால் நான் தடுக்கப் போவதில்லை. அமெரிக்காவில் செய்த அந்தச் சோதனையிலேயே இன்னொரு விவரமும் உண்டு. உங்கள் மனம் இப்படியெல்லாம் இளகுகிறது பாருங்கள் என்று விளக்கிச் சொன்னபோது ஜனங்கள் ஒரு குழந்தைக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்களே தவிர, பல பேருக்குக் கொடுப்பதைக் கூட்டவில்லை. புத்தி சொன்னால் கை மூடிக்கொள்கிறது. இந்தக் கட்டுரை அப்படி ஒரு கையை மூட வைத்தால் அது எனக்குப் பாவம். கொடுக்கிற கையோடு, "அது யாருக்குடி?" என்று அன்றைக்கு வரப்பில் கேட்டாளே, அந்த வாயும் மூடாதிருக்க வேண்டும். போன மாதம் கிளைக் கூட்டத்தில் இதைப் பேசி, யார் வீட்டிலாவது பெரிய நோய் என்றால் தனியார் வாசலை மிதிக்குமுன் கூட்டிப் போக இரண்டு இளந்தோழர்களைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறோம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதே இங்கே பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பத்து வயது. மயிர் வளர்ந்து இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மருந்து நின்றுவிட்டது, பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறார்கள். ஆனால் படம் நிற்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய அந்த மொட்டைத் தலையும் தாயின் அழுகையும் இன்னும் யார் யார் செல்போனிலோ வந்துகொண்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பார்த்துவிட்டு, "நீ செத்துப்போகப் போறியாமே?" என்று கேட்டிருக்கிறான். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள்.

படத்தை எடுத்துவிடும்படி அந்தக் கம்பெனிக்குத் தகப்பன் பெயரில் நான் மூன்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடைசிக் கடிதம் பதிவுத் தபாலில் போயிற்று. இதை எழுதுகிற வரை பதில் இல்லை. நாலாவது கடிதத்தைத் தானே எழுதுவதாக அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து வைத்திருக்கிறாள்.